பெற்றோர் எதிர்க்கும் வீட்டில் தொழுகையும் நோன்பும்

கேள்வி: 18 பிப்ரவரி 2024, மாலை

கோயம்புத்தூரில் பெற்றோருடனும் தங்கையுடனும் வசிக்கிறேன். சென்ற ஆண்டு கலிமா (இஸ்லாமிய உறுதிமொழி) சொல்லி இஸ்லாத்தை ஏற்றுக்கொண்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் என் அறையில் தொழுதுவந்தேன். பொங்கலுக்கு வீடு ஒழித்தபோது அலமாரியில் இருந்த முஸல்லா (தொழுகை விரிப்பு) அம்மாவின் கையில் கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை. நான் தொழுகையை நிறுத்தும் வரை ஒரு வேளைதான் சாப்பிடுவேன் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார். மார்ச் இரண்டாம் வாரத்தில் நோன்பு தொடங்கிவிடும். தனியாக அறை எடுத்துக்கொண்டு போய்விடு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மார்க்கத்தை விட என்னால் முடியாது. அம்மாவை இப்படிப் பார்க்கவும் முடியவில்லை. இதைக் கடந்து வந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

18 பிப்ரவரி 2024, இரவு

தம்பி, இப்போது அறை எடுத்துப் போகாதீர்கள். மற்றவற்றை நிதானமாகப் பேசலாம். கோபத்தில் வெளியேறிய மகன் முதலில் திரும்பி வர வேண்டுமா, தகப்பனார் முதலில் அழைக்க வேண்டுமா என்ற ஒரே கேள்வியில் பல ஆண்டுகளைத் தொலைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும் என்பதால் இதை மட்டும் இன்றே எழுதுகிறேன்.

உங்கள் அம்மா செய்வதை நபித்தோழர் ஸஅத் இப்னு அபீ வக்காஸ் அவர்களின் தாயாரும் செய்தார். மகன் புதிய மார்க்கத்தை விடும் வரை பேச மாட்டேன், உண்ண மாட்டேன், பருக மாட்டேன் என்று சத்தியம் செய்து, மூன்று நாளில் மயங்கி விழுந்தார் என்றும், அவருடைய இன்னொரு மகன் உமாரா அவருக்குத் தண்ணீர் கொடுத்தார் என்றும் ஸஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் வருகிறது. பெற்றோர் இறைவனுக்கு இணைவைக்கச் (அவனோடு வேறெதையும் சேர்த்து வணங்கச்) சொல்லி வற்புறுத்தினால் அதில் அவர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டாம், ஆனால் இவ்வுலகில் அவர்களோடு நல்ல முறையில் உறவாடு என்ற கட்டளை (குர்ஆன், லுக்மான் அத்தியாயம், 31:15) இந்த நிகழ்ச்சியோடு சேர்த்தே அறிவிக்கப்படுகிறது. இந்த வசனத்தின் முதல் பாதியை நமக்கு எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். இரண்டாம் பாதியை நாமாகத்தான் வீட்டில் படித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்த அறிவிப்பில் நான் எப்போதும் கவனிக்கும் ஒன்று உண்டு. தண்ணீர் கொடுத்தது ஸஅத் அல்லர், வேறொரு பிள்ளை. உங்கள் கையால் கொடுத்தால் அம்மா வாங்க மாட்டார். வாங்கினால் தோற்றதாக ஆகிவிடும் என்று அவருக்குத் தோன்றும். தங்கையிடம் சொல்லுங்கள். அவர் தட்டைப் போட்டு அம்மாவோடு உட்காரட்டும். நீங்களும் அதே நேரத்தில் அங்கே உட்கார்ந்து சாப்பிடுங்கள். தொழுகை வேளையை விடாதீர்கள். அம்மா சாப்பிடும் வேளையில் வீட்டை விட்டு வெளியே போகவும் செய்யாதீர்கள்.

19 பிப்ரவரி 2024

எந்த அனுபவத்தில் இதையெல்லாம் எழுதுகிறேன் என்று சொல்லிவிடுவது முறை. எனக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். 1981 பிப்ரவரி 19 அன்று மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கான தலித் குடும்பங்கள் ஒரே நாளில் இஸ்லாத்தை ஏற்றபோது நான் பள்ளிச் சிறுவன். தில்லியிலிருந்து தலைவர்கள் வந்ததும், பத்திரிகைகள் எழுதியதும், பெட்டிக்கடையில் பெரியவர்கள் இரவு வரை வாதாடியதும் நினைவில் இருக்கின்றன. அப்போது என் தகப்பனார், “அவங்க பட்ட அவமானத்துக்கு அவங்க போனாங்க, நமக்கு என்ன வந்தது” என்று சொன்னவர். அதே மனிதர், 1997-ல் சென்னையில் வேலையில் இருந்த நான் ஊருக்கு வந்து கலிமா சொல்லிவிட்டதைத் தெரிவித்தபோது, திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் அவமானப்பட்ட சாதி அல்ல என்பதே அவருக்குப் புரியாத புதிராக இருந்தது. அவமானப்படாத ஒருவன் எதற்காகப் போக வேண்டும்?

பேசத் தொடங்கிய பிறகு அவர் கேட்டவற்றில் கடவுளைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. எனக்குக் கொள்ளி வைப்பது யார்? நிலம் யாருக்குப் போகும்? தங்கச்சியைக் கட்டிக்கொடுப்பது எப்படி? இந்த மூன்றையும்தான் மாற்றி மாற்றிக் கேட்டார். உங்கள் வீட்டில் என்ன கேட்கிறார்கள் என்று கவனித்துக் கேளுங்கள். ஓரிறைக் கொள்கைக்கு நீங்கள் ஆதாரம் அடுக்கிக்கொண்டிருக்கும்போது, அவர்கள் தங்கள் ஈமச்சடங்கைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கலாம். அப்படியானால் உங்கள் பதில் எவ்வளவு சரியாக இருந்தாலும் அவர்களைச் சென்று சேராது.

21 பிப்ரவரி 2024

கடமை எது, நாம் நம்முடைய ஆர்வத்தில் சேர்த்துக்கொண்டது எது என்று ஒரு தாளில் எழுதிப் பிரித்துக்கொள்ளுங்கள். ஐவேளைத் தொழுகை, ரமலான் நோன்பு, வசதி இருந்தால் ஜகாத் (கட்டாய தானம்), ஹஜ், விலக்கப்பட்ட உணவையும் இணைவைக்கும் வழிபாட்டையும் தவிர்ப்பது என அந்தப் பட்டியல் சிறியது. பெரும்பாலான வீடுகளில் சண்டை மூள்வது இந்தப் பட்டியலில் இல்லாத விஷயங்களுக்காக. அப்பா வைத்த பெயரை மாற்றுவது, திடீரென்று ஜிப்பாவும் தொப்பியுமாக ஊருக்குள் வந்து இறங்குவது, வாக்கியத்துக்கு வாக்கியம் அரபுச் சொல் கலந்து அம்மாவிடம் பேசுவது, தங்கையின் உடையைப் பற்றிக் கருத்துச் சொல்வது ஆகியவையே அவர்களை அதிகம் காயப்படுத்துகின்றன.

பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். நபித்தோழர்களான அபூபக்ர், உமர், உஸ்மான், அலீ ஆகியோர் இஸ்லாத்துக்கு முன் அறியப்பட்ட அதே பெயர்களில்தான் பின்னரும் அறியப்பட்டார்கள். பொருள் தவறாக இருந்த பெயர்களையே நபிகள் மாற்றினார்கள். அப்பா எனக்கு வைத்த பெயரில் தெய்வத்தின் பெயர் எதுவும் இல்லாததால் அரசிதழுக்கு நான் விண்ணப்பிக்கவே இல்லை. பள்ளிவாசலில் வேறு பெயரால் அழைக்கிறார்கள்; வீட்டில் பழைய பெயர்தான். “பேராவது மிச்சம் இருக்கே” என்று அம்மா ஒருமுறை அத்தையிடம் சொன்னதைக் கேட்டபோது, அந்தப் பெயர் அவருக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்று விளங்கியது.

தொழுகை நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். லுஹரையும் அஸரையும் (நண்பகல், பிற்பகல் தொழுகைகள்), மஃரிபையும் இஷாவையும் (அந்தி, இரவுத் தொழுகைகள்) மதீனாவில் அச்சமோ மழையோ இல்லாதபோதும் நபிகள் சேர்த்துத் தொழுதார்கள் என்றும், தம் சமுதாயத்தைச் சிரமப்படுத்தக் கூடாது என்பதே அதற்குக் காரணம் என்றும் நபித்தோழர் இப்னு அப்பாஸ் அறிவிக்கும் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. இதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பதில் மத்ஹபுகளிடையே (இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளிடையே) வேறுபாடு உண்டு. ஹனஃபிகள் இதை ஏற்பதில்லை. ஷாஃபிகள் நிபந்தனை வைக்கிறார்கள். உங்கள் நிலையை நேரில் விளக்கி ஓர் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கேளுங்கள். அலுவலகத்தில் லுஹரும் அஸரும் அமைந்துவிட்டால் வீட்டில் மூன்று வேளைதான் மிஞ்சும். சுபுஹு (அதிகாலைத் தொழுகை) வீடு விழிக்கும் முன்னே முடிந்துவிடும். மீதி இரண்டையும் ஒளித்துத் தொழ வேண்டாம். ஏற்கெனவே தெரிந்துவிட்ட ஒன்றைத் தொடர்ந்து ஒளித்தால் அது அவர்கள் கண்ணுக்குக் குற்றமாகத்தான் தெரியும்.

22 பிப்ரவரி 2024

இது மார்க்கத்தில் செய்யும் சமரசம் என்று ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார். அவர் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் என்பதை அவரே சொல்லியிருப்பதால், மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். இப்ராஹீம் நபி தம் தந்தையிடம் பேசிய பேச்சு மர்யம் அத்தியாயத்தில் (19:42 முதல்) இருக்கிறது. ஒவ்வொரு முறையும் “என் அருமைத் தந்தையே” என்று விளித்தே தொடங்குகிறார். கல்லெறிந்து கொல்வேன் என்று தந்தை மிரட்டிய பிறகும் அவர் சொன்ன பதில் ஸலாம். சிலைகளைப் பற்றிய கொள்கையில் அணுவளவும் விட்டுக்கொடுக்காத ஒருவர் பேசிய முறை அது. அதை நாம் சமரசம் என்று சொல்வோமா?

12 மார்ச் 2024

இன்று முதல் நோன்பு. கேள்வி கேட்ட தம்பிக்காக என் முதல் ரமலானைப் பற்றி எழுதுகிறேன்.

விடுப்பில் ஊரில் இருந்தேன். சஹருக்கு (நோன்பு தொடங்கும் முன் விடியற்காலையில் உண்பதற்கு) யாரையும் எழுப்பாமல் முந்தைய நாள் வாங்கி வைத்த ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வேன். அம்மா பேசவே இல்லை. ஒரு நாள் எழுந்து பார்த்தபோது அடுப்படியில் பழைய சோறும் நீத்தண்ணியும் சுண்டக்குழம்பும் மூடி வைத்திருந்தன. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. என் நோன்பை அம்மா ஏற்றுக்கொண்டார் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். பிள்ளை வெறும் வயிற்றோடு பகல் முழுக்க இருப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை, அவ்வளவே. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. அத்தைதான் பெரிய எதிர்ப்பாளர். “சஷ்டிக்கு நாங்களும்தான் விரதம் இருக்கோம், தண்ணி குடிக்காதேன்னு எந்தச் சாமி சொல்லும்” என்று மாதம் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, பெருநாளன்று முதல் ஆளாக வந்து பிரியாணி எங்கே என்று கேட்டார்.

தமிழ்நாட்டில் நோன்பு என்பது இந்துக் குடும்பங்களுக்கு முற்றிலும் அந்நியமான செய்தி இல்லை. பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிக்கு மாநில அரசே ஆண்டுதோறும் அரிசி கொடுக்கிறது. அந்தக் கஞ்சியை வாங்கத் தூக்குவாளியோடு வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். உங்கள் அம்மாவும் சிறுவயதில் அதைக் குடித்திருக்கக் கூடும். பள்ளிவாசலில் நோன்பு திறந்துவிட்டு வரும்போது வீட்டுக்கும் கொஞ்சம் வாங்கி வாருங்கள். குடிக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். மேசையில் வைத்துவிட்டுப் போய் மஃரிப் தொழுங்கள்.

16 மார்ச் 2024

மதுரையிலிருந்து எழுதிய சகோதரி, நான் முதல் நாள் சொன்ன “வீட்டை விட்டுப் போகாதீர்கள்” என்பது தனக்குப் பொருந்துமா என்று கேட்டிருக்கிறார். கைப்பேசியைப் பிடுங்கி வைத்திருக்கிறார்களாம். வேலைக்குப் போகவும் விடவில்லையாம். அவசரமாக மாப்பிள்ளை பார்க்கிறார்களாம்.

பொருந்தாது, சகோதரி. நான் எழுதியது சம்பாதிக்கும் ஆண்பிள்ளையின் நிலையை மனத்தில் வைத்து. அவனுக்குக் கோபப் பேச்சும் மௌனமும்தான் தண்டனை; உங்களுக்குப் பூட்டு. உங்கள் விருப்பத்துக்கு மாறாகத் திருமணம் நடக்கும் என்றாலோ, அடி விழுகிறது என்றாலோ, பொறுமை என்ற சொல்லை யாரும் உங்களுக்கு உபதேசிக்கக் கூடாது. வயது வந்த ஒருவர் தன் மதத்தையும் துணையையும் தானே தேர்ந்துகொள்ளும் உரிமையை, இஸ்லாத்தை ஏற்றுத் திருமணம் செய்துகொண்ட கேரளத்து ஹாதியாவின் வழக்கில் 2018 மார்ச் 8 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்த அவருடைய திருமணத்தை அன்று மீண்டும் செல்லுபடியாக்கியது. பெற்றோரின் அன்பு எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும் வயது வந்த மகளை அடைத்து வைக்கும் அதிகாரத்தை அது தருவதில்லை. பெண்களுக்கான உதவி எண் 181. ஒரு பெண் வழக்கறிஞரிடம் பேசுங்கள். உங்கள் சான்றிதழ்களையும் ஆதாரையும் நம்பகமான தோழியிடம் ஒப்படைத்து வையுங்கள்.

தமிழ்நாட்டில் மதமாற்றத் தடைச் சட்டம் இருக்கிறதே என்று வீட்டார் மிரட்டுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவரப்பட்டது உண்மை. 2004-ல் அது திரும்பப் பெறப்பட்டது. அது நடைமுறையில் இருந்தபோதும் அதன் பெயரில் இருந்தது கட்டாய மதமாற்றம்தான். சுய விருப்பம் அதில் அடங்காது.

ஹிஜாபைப் பற்றி ஆணாகிய நான் சொல்வதைவிட, இதைக் கடந்த பெண்கள் சொல்வது மேல். எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி தம் கிராமத்தில் சேலை முந்தானையாலேயே தலையை முழுமையாக மூடிக்கொண்டு பல ஆண்டுகள் இருந்தார். வயலுக்கும் சந்தைக்கும் போகும் பாட்டிமார் வெயிலுக்கு முக்காடு போடும் ஊர் அது. அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

23 மார்ச் 2024

இந்த வாரம் பங்குனி உத்திரம். எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் எந்த ஊரில் பிழைத்தாலும் தங்கள் சாஸ்தா கோயிலுக்கு வந்து சேரும் காலம் இது. மதம் மாறிய ஒருவனுக்கு வீட்டில் தொழுவதைவிட இந்த நாள்தான் கடினமானது. தொழுகையில் அவன் ஒன்றைச் செய்கிறான். இங்கே எல்லோரும் செய்யும் ஒன்றை அவன் செய்யாமல் நிற்கிறான். ஊர் முழுக்க அதைப் பார்க்கும்.

நான் கோயிலுக்குள் போவதில்லை, கும்பிடுவதில்லை, திருநீறு பூசுவதில்லை, படையலுக்கு வெட்டிய கிடாவின் கறியை உண்பதில்லை. அல்லாஹ் அல்லாதவற்றுக்காக அறுக்கப்பட்டது விலக்கப்பட்டது என்று குர்ஆன் (5:3) வெளிப்படையாகச் சொல்வதால் அதில் எனக்கு விருப்பத்துக்கு இடமில்லை. ஆனால் குடும்பத்தை வேனில் ஏற்றி இறக்குவதும், வயதானவர்களைக் கைபிடித்து அழைத்துப்போய் மர நிழலில் உட்கார வைப்பதும், குழந்தைகளுக்குத் தண்ணீர் சுமப்பதும் வழிபாடு அல்லவே. அவற்றை நானே முன்வந்து செய்தேன். இதையும் செய்யக் கூடாது என்று சொல்லும் ஆலிம்கள் இருக்கிறார்கள் என்பதை மறைக்கவில்லை. நான் கேட்டறிந்த ஹஜ்ரத் (மார்க்க ஆசிரியர்), வழிபாட்டில் கலக்காத உதவி பெற்றோருக்குச் செய்யும் நன்மையில் சேரும் என்றார், அதைப் பற்றிக்கொண்டேன்.

மற்ற நாட்களின் உணவைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. அம்மாவின் மரக்கறிச் சமையலில் எந்தத் தடையும் இல்லை. ஆட்டுக்கறியோ, பெரும்பாலான ஊர்களில் நம் வீடுகள் தலைமுறையாக ‘பாய் கடை’யில்தான் வாங்குகின்றன. கோழி வீட்டில் வளர்த்ததென்றால் பிஸ்மில்லா (இறைவன் பெயரால்) சொல்லி நானே அறுத்துக் கொடுத்துவிடுவேன். “இனிமே கோழி அறுக்க ஆள் தேட வேண்டாம்” என்று மதினி சிரித்தார். வீட்டில் என் மார்க்கத்தைப் பற்றி முதன்முதலில் எழுந்த சிரிப்பு அது.

தாய்மாமன் கடமைதான் மிகவும் சோதித்தது. தங்கை மகளுக்குக் காதுகுத்து; என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், அதுவும் குலதெய்வத்தின் சன்னதியில். நான் தங்கையிடம் முன்கூட்டியே போய், சீர் முழுவதையும் நான் செய்கிறேன், மடியில் வைத்துக்கொள்கிறேன், இடத்தை மட்டும் வீட்டுக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். அவள் மாமனார் ஒப்பவில்லை. தங்கை தன் கணவரோடு பேசி ஒரு வழி கண்டாள். மொட்டையும் பொங்கலும் கோயிலில் முடிந்தன. காது குத்துவது மறுநாள் வீட்டு முற்றத்தில் என் மடியில் நடந்தது. அவள் எனக்காக எவ்வளவு பேச்சு வாங்கியிருப்பாள் என்பது எனக்குத் தெரியும். நம் விட்டுக்கொடுப்புகளை நாம் எண்ணிப் பார்ப்பதைவிட அதிகமாக, வீட்டார் நமக்காக விட்டுக்கொடுத்தவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும்.

30 மார்ச் 2024

நிலத்தைப் பற்றித் தனிமடலில் பலர் கேட்டிருப்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன். மதம் மாறியதால் மட்டும் ஒருவர் வாரிசுரிமையை இழப்பதில்லை. 1850-ஆம் ஆண்டின் சாதி இடர்ப்பாடுகள் நீக்கச் சட்டம் அன்றே அதைச் சொல்லிவிட்டது. ஆனால் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, மாறியவருக்கு மாறிய பிறகு பிறக்கும் பிள்ளைகள், வாரிசுரிமை திறக்கும் நேரத்தில் இந்துக்களாக இல்லாவிட்டால், இந்து உறவினரின் சொத்தை வாரிசாகப் பெற முடியாது. மறுபுறம், முஸ்லிம் முஸ்லிமல்லாதவருக்கு வாரிசாக மாட்டார் என்ற நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நபிமொழித் தொகுப்புகளிலும் இருக்கிறது. நான்கு மத்ஹபுகளின் நிலையும் அதுவே. பெற்றோர் தம் வாழ்நாளில் மனமுவந்து தரும் அன்பளிப்பு வேறு விஷயம்.

நாட்டின் சட்டம் எனக்குப் பங்கு தந்தது, மார்க்கம் தரவில்லை. ஆகவே அப்பா இருந்தபோதே அவர் சம்பாதித்த நிலத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். அவர் காலமான பின் சார்பதிவாளர் அலுவலகத்தில் தம்பிக்கும் தங்கைக்கும் என் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். காசுக்காக மாறினான் என்று பேசிக்கொண்டிருந்த உறவினர்கள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இதை எல்லோரும் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. பூர்விகச் சொத்தின் கணக்கு வேறு. வழக்கறிஞரையும் ஆலிமையும் கலந்துகொண்டு முடிவெடுங்கள்.

பட்டியல் சாதிக் குடும்பங்களில் பெற்றோரின் பயத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி அந்தத் தகுதி இந்துக்களுக்கும், பின்னர் 1956-ல் சேர்க்கப்பட்ட சீக்கியருக்கும், 1990-ல் சேர்க்கப்பட்ட பௌத்தருக்கும் மட்டுமே உரியது. மகன் இஸ்லாத்துக்கு வந்தால் அந்த இடஒதுக்கீடு போய்விடும். கையில் படிப்பைத் தவிர எதுவும் இல்லாத வீட்டில் இந்தக் கவலையை உலக ஆசை என்று ஒதுக்குவது கொடுமை.

6 ஏப்ரல் 2024, சஹர் நேரம்

கொள்ளியைப் பற்றி எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

எங்கள் பக்கத்தில் தகப்பனுக்கு மூத்த மகன், தாய்க்கு இளைய மகன் என்று வழக்கம். நான் மூத்தவன். அப்பா மருத்துவமனையில் இருந்த காலத்தில் இரவு முழுவதும் உடன் இருந்தது பெரும்பாலும் நான்தான். ஒரு நாள் நானே கேட்டேன்: “அப்பா, அந்த நேரத்தில் நான் என்ன செய்யணும்னு நீங்க நினைக்கிறீங்க?” பெற்ற தகப்பனிடம் கேட்கக் கூடாத கேள்வி என்று ஊர் சொல்லும். கேட்காமல் விட்டிருந்தால் அவர் உடலுக்கு முன்னால் மாமன்மார்கள் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள். அப்பா வெகுநேரம் பதில் சொல்லவில்லை. பிறகு, “சின்னவன் வைக்கட்டும். நீ கூட நில்லு” என்றார். மறுநாள் தம்பியையும் தாய்மாமாவையும் வரவழைத்து அதையே அவர்களிடமும் சொன்னார்.

நபிகளின் பெரியதந்தை அபூதாலிப் இறந்தபோது, போய் உன் தந்தையை அடக்கம் செய்துவிட்டு வா என்று நபிகள் அலீ அவர்களிடம் சொன்னதாக அபூதாவூத் என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. அதை வைத்து, முஸ்லிமல்லாத பெற்றோரின் இறுதிக் காரியத்தில் சடங்கில் கலக்காமல் உடன் நிற்கலாம் என்று ஹஜ்ரத் எனக்குச் சொன்னார். நீர்மாலைக்கு (இறந்தவரைக் குளிப்பாட்ட நீர் எடுத்து வரும் சடங்குக்கு) நான் போகவில்லை, மொட்டை போடவில்லை. தோள் கொடுத்துத் தூக்கினேன். சுடுகாட்டில் தம்பி தீ வைக்கும்போது அவன் பக்கத்தில் நின்றேன். மூத்தவன் உயிரோடு இருக்க இளையவன் வைக்கிறானே என்று ஒருவர் குரல் உயர்த்தினார். “அத்தான் சொல்லிட்டுத்தான் போயிருக்காரு” என்று தாய்மாமா அவரை அடக்கிவிட்டார்.

அதற்குப் பிறகு வந்தது எனக்கு இதைவிடப் பெரியது. அதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. இணைவைத்த நிலையில் இறந்துவிட்ட உறவினருக்காகப் பாவமன்னிப்புக் கேட்பதைக் குர்ஆன் (9:113) தடுக்கிறது. அப்பா உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு தொழுகையிலும் அவருடைய நேர்வழிக்காகக் கேட்டேன். அவர் போன அன்று இரவு இஷா தொழுதுவிட்டுக் கையை ஏந்தினேன். கேட்க வேண்டியது எதுவோ அதற்கு எனக்கு அனுமதி இல்லை. நபிகள் தம் தாயாருக்காகப் பாவமன்னிப்புக் கேட்க அனுமதி வேண்டியபோது அது தரப்படவில்லை என்றும், கப்ரை (அடக்கத்தலத்தை) சந்திக்கும் அனுமதி தரப்பட்டது என்றும், அவர்கள் அங்கே அழுதார்கள் என்றும், சுற்றியிருந்தவர்களையும் அழவைத்தார்கள் என்றும் ஸஹீஹ் முஸ்லிமில் வாசித்திருக்கிறேன். அந்த ஹதீஸை அதற்கு முன் பலமுறை கடந்து போயிருக்கிறேன். அன்றுதான் அது எனக்குள் இறங்கியது. அழுவதற்குத் தடை இல்லை. அவர் மீது அல்லாஹ்வின் தீர்ப்பு என்ன என்பது அல்லாஹ்வுக்கே தெரியும். அதைச் சொல்லும் அதிகாரம் எனக்கும் இல்லை, என்னிடம் வந்து சொல்லத் துணிந்த சிலருக்கும் இல்லை.

பெற்றோர் உயிரோடு இருப்பவர்களே, அவர்களோடு வாதாடி வென்ற பொழுதுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

7 ஏப்ரல் 2024

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, அம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தம்பி வீட்டில் இருக்கிறார். என் வீட்டிலும் வந்து தங்குவார். வரும்போது சிறிய விளக்கைப் பையில் கொண்டுவந்து தன் அறையில் ஏற்றிக்கொள்வார். அந்த அறையில் நான் தொழுவதில்லை. அந்த விளக்கைப் பற்றிப் பேசுவதும் இல்லை. இஸ்லாத்தைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்; அவர் மறுத்துவிட்டார். பேத்திகள் குர்ஆன் ஓதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டுகிறார். நபித்தோழர் அபூஹுரைராவின் தாயார் நீண்ட நாள் மறுத்த பிறகு ஏற்றுக்கொண்ட செய்தியை நினைத்து துஆ (இறைவனிடம் வேண்டுதல்) செய்கிறேன். அதை நிறுத்தப் போவதில்லை.

13 ஏப்ரல் 2024

பெருநாள் முடிந்து கோயம்புத்தூர்த் தம்பி எழுதியிருக்கிறார். அம்மா மூன்று வேளையும் சாப்பிடுகிறாராம். அப்பா நேரடியாகப் பேசாவிட்டாலும், தொழுகை நேரத்தில் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைக்கிறாராம். தம்பி, அதைப் பெரிதாக்கி நன்றி சொல்லிவிடாதீர்கள். அவர் செய்ததை நீங்கள் கவனிக்காததுபோல் இருந்துவிடுங்கள்.

இப்போது கேட்டிருப்பது தங்கையின் வரனைப் பற்றி. மாப்பிள்ளை வீட்டாரிடம் உங்கள் மதத்தைச் சொல்ல வேண்டுமா, நிச்சயதார்த்தம் வரை நீங்கள் ஒதுங்கியிருக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள். சொல்லியே ஆக வேண்டும், நிச்சயத்துக்கு முன்பே. மறைத்து முடித்த சம்பந்தத்தில் அந்த உண்மை வெளிவரும் நாளில் பேச்சு வாங்கப்போவது தங்கைதான், நீங்கள் அல்ல. ஆனால் சொல்வது நீங்களாக இருக்க வேண்டாம். எந்தச் சொல்லில், எந்த நேரத்தில் சொல்வது என்பதை அப்பாவின் பொறுப்பில் விடுங்கள். மகன் விஷயத்தை ஊரார் முன் எப்படிச் சொல்வது என்று முடிவு செய்யும் உரிமை அவருக்கு உண்டு. என் தங்கைக்கு வந்த முதல் வரன் என்னைக் காரணம் காட்டித் தட்டிப்போனது. இரண்டாவதாக வந்தவர்கள், பையன் குடிப்பானா என்று என்னைப் பற்றிக் கேட்டார்கள். குடிக்க மாட்டான் என்றதும் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

திருமண நாளில் மணமேடையில் மைத்துனன் செய்ய வேண்டிய சடங்கு வந்தால் உங்கள் சித்தப்பா மகனை முன்கூட்டியே ஏற்பாடு செய்து வையுங்கள். கடைசி நேரத்தில் மேடையில் மறுப்பது எல்லோருக்கும் துன்பம். நீங்கள் பந்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள். லுஹருக்கு மண்டபத்தில் மாடி அறை ஒன்றின் சாவியை முதல் நாளே வாங்கிவிடுங்கள்.